துருவைத் துருவிப் பாருங்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பம் நிலைத்து நிற்கப் பெரிதும் துணை செய்வது தேடிச் சேர்க்கும் திறமையா? சேர்த்ததைப் பேணும் பொறுமையா? ஏலகிரி மேடையில் ‘பேணும் பொறுமையே!’ என்ற அணிக்காகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! மலையேறி வந்தும் மூச்சு வாங்காமல் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! ஏலகிரிக் குளிருக்குப் போர்வையும், எங்கள் பேச்சுக்குப் பொறுமையும் கையோடு கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் ஒரு பழமொழியை எடுத்து வீசினார். “சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? முதலில் தேடு, பிறகு பேணலாம்” என்றார். நல்ல பழமொழிதான். ஆனால், நடுவர் அவர்களே, அந்தச் சட்டியிலே ஓட்டை இருந்தால் என்ன செய்வது? (சிரிப்பு) அடியிலே ஒரு பொட்டு அளவு ஓட்டை. நீங்க மேலே பாயசத்தை ஊத்துங்க, பால்பாயசத்தையே ஊத்துங்க; அகப்பையிலே வராது, அடுப்பிலேதான் போகும்! சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் எதிரணியினர். சட்டி எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நாங்கள். (கைதட்டல்)

இந்த மலைக்கு எப்படி வந்தோம்? அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் பெயர். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார் என்று புலவர்கள் பாதி. பாரி, காரி, ஓரி, பேகன், அதியமான் என்று வள்ளல்கள் மீதி. ஒரு தமிழாசிரியனுக்கு இதைவிட என்னங்க வேணும்? டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். நான் இலக்கிய வரலாற்றைத் திருப்பிப் பார்க்கிறேன். (சிரிப்பு) பாரி வளைவிலே வரும்போது எனக்கு ஒரு நினைப்பு. முல்லைக் கொடி படரட்டும் என்று தேரையே நிறுத்திவிட்டுப் போனாரே, அந்தத் தேர்ச் சக்கரத்து இரும்புப் பட்டை என்ன ஆகியிருக்கும்? மழையிலும் பனியிலும் நின்று துருப்பிடித்திருக்கும்! வள்ளலுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் ராணியம்மா கேட்டிருப்பாங்களா இல்லையா, “புதுத் தேரு எங்கேங்க?” என்று? (பலத்த சிரிப்பு)

சிரிக்கச் சொன்னாலும் அதிலே ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மலையில் ஏறுவதற்கு என்ஜின் வேண்டும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும். எதிரணி என்ஜின் அணி. நாங்கள் பிரேக் அணி. பிரேக் இல்லாமல் மலை ஏறிவிடலாம், நடுவர் அவர்களே! இறங்கி வீட்டுக்குப் போக முடியாது! (கைதட்டல்)

இப்போது நம் வாதத்துக்கு வருகிறேன்.

என் தங்கை மகன் ஒருவன். சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்திலே குடியிருக்கிறான். நல்ல வேலை, நல்ல சம்பளம். எதிரணி சொன்ன தேடும் திறமை அவனிடம் நிறைய உண்டு. தேடினான், சேர்த்தான், புதுசா ஒரு கார் வாங்கினான். அந்தக் காரை அவன் கவனிக்கிற அழகைப் பார்க்கணுமே! காலையிலே எழுந்ததும் அம்மா முகத்தைப் பார்க்கிறானோ இல்லையோ, கார் முகத்தைப் பார்ப்பான். ஒரு துணி மேலே துடைக்க, ஒரு துணி கண்ணாடிக்கு, ஒரு துணி சக்கரத்துக்கு. அவனுக்கு இருக்கிற கைக்குட்டையைவிடக் காருக்கு அதிகம். (சிரிப்பு) ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடற்கரைச் சாலை. மணலிலே வண்டியை நிறுத்தி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பத்து மாதம் ஆயிற்று. குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பினான். வழியிலே ஆம்பூர். ஆம்பூரிலே பிரியாணிக்கு நிற்காமல் போகிறவன் மனிதனே இல்லை. (சிரிப்பு, கைதட்டல்) பிரியாணி, கூடவே கத்தரிக்காய்த் தொக்கு, எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் ஒரு டயர் இறங்கியிருக்கிறது. பக்கத்திலே ஒரு பட்டறை. எல்லாரும் ‘பாய்’ என்று கூப்பிடுகிற வயதான மெக்கானிக். வண்டியை லிஃப்டிலே ஏத்தினார். நம்ம பையன் தற்செயலாகக் கீழே குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேலே பால் மாதிரி வெள்ளைக் கார். அடியிலே காவி! போல்ட்டுகளைச் சுற்றிக் காவி. பற்ற வைத்த இணைப்புகளிலே காவி. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையிலே காவி. புகைக்குழாய் முழுக்கக் காவி. உடனே படம் எடுத்தான், எனக்கு அனுப்பினான், போன் போட்டான். “மாமா! என்னை ஏமாத்திட்டாங்க மாமா! வண்டிக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல மாமா! அடியெல்லாம் துரு மாமா!” நான் சொன்னேன்: “தம்பி, போனை அந்தப் பெரியவர்கிட்டே குடு.”

அந்தப் பெரியவர் சொன்னார், பாருங்க: “சார், பையனை பதறவேணாம்னு சொல்லுங்க. இது மேல்துரு. தோல்மேலே வந்த தேமல் மாதிரி. எலும்புக்குப் போகல. ஆனா, அப்படியே விட்டா எலும்புக்குப் போகும்.”

நடுவர் அவர்களே, இந்த இரண்டு வரிக்குள்ளே இன்றைய பட்டிமன்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ‘பதறாதே’ என்பது ஒரு பாதி. ‘விட்டுவிடாதே’ என்பது மறுபாதி. பதறாமலும் விடாமலும் நடுவிலே நிற்கிறதே, அதற்குப் பெயர்தான் பேணும் பொறுமை! (கைதட்டல்)

தமிழிலே எப்படிச் சொல்கிறோம்? இரும்புக்குத் துரு ‘வருகிறது’ என்று சொல்வதில்லை. துருப் ‘பிடிக்கிறது’ என்கிறோம். பேய் பிடிக்கும், பித்துப் பிடிக்கும், சனி பிடிக்கும், துருவும் பிடிக்கும். பிடித்தது எளிதில் விடாது என்பதை இந்த ஒரு வினைச்சொல்லிலேயே நம்முடைய மக்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சரி, அது ஏன் பிடிக்கிறது? இரும்பு தனியாக இருந்தால் துருப்பிடிக்காது. ஈரமும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. அதிலே கொஞ்சம் உப்பையும் போட்டுவிட்டால் வேகம் பல மடங்கு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு என்பதே மெல்லிய மின்வேதி விளையாட்டுத்தான். கடற்காற்றிலே உப்பு, மணலிலே உப்பு. அது காரின் அடியிலே போய் ஒட்டிக்கொள்கிறது. நம்ம பையன் மூன்று துணி வைத்து மேலே துடைத்தானே, ஒரு நாளாவது அடியிலே ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினானா? இல்லை! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கடல் உப்பிட்டது, அந்த இரும்பு உள்ளளவும் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறது! (சிரிப்பு)

இன்னொரு வேடிக்கை. அலுமினியமும் காற்றோடு சேரும். ஆனால் அதன்மேல் உண்டாகிற படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, போர்வை மாதிரி உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படி இல்லை. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும்; பொருக்குப் பொருக்காக உதிரும்; உதிர்ந்த இடத்திலே புது இரும்பு தெரியும்; அதையும் பிடிக்கும். சில சண்டை உண்டு. வந்தது, போனது, உறவு இன்னும் கெட்டியானது. அது அலுமினியச் சண்டை. சில சண்டை உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு பொருக்கு உதிர்த்துக்கொண்டே போகும். அது இரும்புச் சண்டை. உங்க வீட்டுச் சண்டை எந்த உலோகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! (பலத்த சிரிப்பு)

எதிரணியில் ஒரு நண்பர் எழுந்து, “டில்லி இரும்புத் தூணைப் பாருங்கள், 1,600 ஆண்டுகளாக யார் பேணினார்கள்?” என்று கேட்டார். அருமையான கேள்வி. விடையும் அருமையாக இருக்கிறது. ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. அந்த இரும்பிலே பாஸ்பரஸ் அதிகம். அதனால் தூணின்மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகி அதைக் காக்கிறது என்று ஐ.ஐ.டி. கான்பூரைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். ஆனால் நண்பர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அந்தத் தூணின் மண்ணுக்குள் இருந்த பகுதி துருப்பிடித்திருந்தது! 1961இல் தோண்டி எடுத்து, இரசாயன சிகிச்சை செய்து, பீடம் கட்டி, மறுபடி நிறுத்தினார்கள். பிறகு, வருகிறவர்கள் எல்லாரும் கட்டிப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோகிறதே என்று 1997இல் சுற்றி வேலியும் போட்டார்கள். பார்த்தீர்களா? மேலே உலகமே புகழ்கிற தூண், அடியிலே துரு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துத் தூணுக்கும் அதே கதை, பத்து மாதத்துக் காருக்கும் அதே கதை. கேடு எப்போதும் நாம் பார்க்காத பக்கத்தில் இருந்துதான் தொடங்குகிறது! (கைதட்டல்)

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின்மேல் ‘சில்வர் பிரிட்ஜ்’ என்று ஒரு பாலம். பெயரே வெள்ளிப் பாலம். 1928இல் கட்டியது. 1967 டிசம்பர் 15, மாலை நேரம், கிறிஸ்துமஸுக்குக் கடைக்குப் போகிறவர்கள் கூட்டம். பாலம் முழுவதும் வண்டிகள். திடீரென்று பாலம் அப்படியே ஆற்றிலே விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். காரணம் என்ன? பாலத்தைத் தாங்கின இரும்புக் கண்ணிகளிலே ஒன்றில் ஒரு விரிசல். சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம். அரிப்பும் பாரமும் சேர்ந்து வளர்த்த விரிசல். கழற்றிப் பார்த்தால் தவிரக் கண்ணுக்குத் தெரியாத இடம். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டிலே பாலங்களை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. 46 உயிர் போன பிறகு வந்த பொறுமை!

நம்ம பக்கம் பாருங்கள். பாம்பன் ரயில் பாலம். 1914இல் திறந்தார்கள். நாலு பக்கமும் உப்புக் காற்று. 1964 டிசம்பர் புயலிலே தனுஷ்கோடியே போனது; பாலம் அடிபட்டும் மறுபடி எழுந்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டத்தை நிறுத்துகிறவரைக்கும் ஓடியது. எத்தனை வருஷம்? 1914, 2022, கணக்குப் போடுங்கள். 108! அர்ச்சனைக் கணக்கு! அந்த 108 வருஷமும் சும்மா நின்றதா? பெயர் தெரியாத தொழிலாளிகள் கடலுக்குமேலே தொங்கிக்கொண்டு சுரண்டினார்கள், தேய்த்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்துக்கு முதல் நாளிலிருந்தே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், கடற்காற்றைத் தாங்குகிற தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாரிஸ் ஈஃபெல் கோபுரம் 1889இல் எழுந்தபோது 20 வருஷம் நின்றால் போதும் என்றுதான் அனுமதி. இன்றைக்கும் நிற்கிறது. எப்படி? ஏறத்தாழ ஏழு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கப் பெயிண்ட். ஒவ்வொரு முறையும் சுமார் 60 டன். கட்டினவர் பெயர் கோபுரத்துக்கு வந்தது. பெயிண்ட் அடித்தவர் பெயர் யாருக்குத் தெரியும்? அவர் இல்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்லக் கோபுரமே இருந்திருக்காது! (பலத்த கைதட்டல்)

“தேடியவர்களைக் குறை சொல்கிறீர்களா?” என்று எதிரணி கேட்கலாம். இல்லவே இல்லை. நம்ம காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் தேடினார். கோடி கோடியாகத் தேடினார். தேடியதைக் கொண்டு என்ன செய்தார்? நிலமும் பணமும் கொடுத்து ஒரு மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வரவைத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் வேளையில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த நிறுவனம் செய்கிற முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று, இரும்பைத் துருவிலிருந்து எப்படிக் காப்பது என்பது! தேடிய செல்வம், பேணும் அறிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இன்றைக்கும் அவர் பேர் சொல்கிறோம்.

சரி, நம்ம பாய் அந்தக் காருக்கு என்ன செய்தார்? இதைத் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். வீட்டு கேட்டுக்கும் பீரோவுக்கும்கூட உதவும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பையும் சேற்றையும் கழுவினார். நன்றாகக் காயவிட்டார். பிறகு ஒரு திருப்புளி எடுத்து அங்கங்கே தட்டினார், குத்தினார். ‘டங்’ என்று சத்தம் வந்தால் உள்ளே கெட்டி. ‘சொத்’ என்று இறங்கினால் ஆபத்து. எல்லா இடமும் ‘டங்’. பிறகு பையனைக் கூப்பிட்டு ஒரு மெல்லிய குழாயைத் தொட்டுக் காட்டினார். “தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். இது பிரேக் ஆயில் போற குழாய். இதுமேலே துரு ஊறவிட்டா ஒரு நாள் ஓட்டை விழும். நீ ஏலகிரியிலே இறங்குற நாளா அது இருந்தா?” பையனுக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, குழாய் சுத்தமாக இருந்தது.

அப்புறம் கம்பி பிரஷ். அப்புறம் உப்புத்தாள். பாருங்கள் தமிழை! உப்பு செய்த வேலையை உப்புத்தாளே தேய்க்கிறது! (சிரிப்பு) நம்ம பையன் அவசரப்பட்டான். “தேய்க்கிறதெல்லாம் எதுக்குப் பாய்? மேலே கறுப்பா தார் மாதிரி ஒண்ணு அடிப்பாங்களே, அதை அடிச்சு மூடிடுங்க” என்றான். பெரியவர் சிரித்தார். “துருவைத் தேய்க்காம மேலே பூசினா, ஈரத்தை உள்ளே வெச்சுத் தைச்ச மாதிரி. வெளியே கறுப்பு, உள்ளே கறையான். கதவுக்குக் கீழே சின்னச் சின்ன ஓட்டை இருக்குதே, அது தண்ணி வடியற ஓட்டை. அதையும் சேர்த்துப் பூசி அடைச்சுட்டா, கதவுக்குள்ளேயே குளம் கட்டும்.”

எவ்வளவு பெரிய வார்த்தை! நம்ம வீடுகளிலே என்ன செய்கிறோம்? அண்ணன் தம்பிக்குள்ளே மனத்தாங்கல். உட்கார்ந்து பேசித் தேய்ப்பதில்லை. ஒரு கிரகப்பிரவேசம், ஒரு விருந்து, ஒரு பட்டுப் புடவை, மேலே பூசிவிடுகிறோம். போட்டோவிலே எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறோம். உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது. கணவனும் மனைவியும் வாய்விட்டு அழுது தீர்க்கிற வழியையும், “பிள்ளைங்க முன்னாடி என்ன இது, வாயை மூடு” என்று அடைத்துவிடுகிறோம். அதுதான் தண்ணீர் வடிகிற ஓட்டை, ஐயா! அதை அடைக்காதீர்கள்! (கைதட்டல்)

தேய்த்து முடித்ததும் பெரியவர் ஒரு புட்டியிலிருந்து எதையோ எடுத்துத் துருவின்மேல் தடவினார். கொஞ்ச நேரத்திலே காவி நிறம் கருநீலமாகி, கறுப்பாகிக் கெட்டிப்பட்டது. இது என்ன என்று கேட்டால், டானின் கலந்த திரவம். டானின் எங்கே இருக்கிறது? கடுக்காயிலே இருக்கிறது. ஆவாரம்பட்டையிலே இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோலுக்குப் பேர்போன ஊர்கள். குரோமியம் வருகிறதற்கு முன்னே தோலைப் பதப்படுத்தியது எதைக் கொண்டு? ஆவாரம்பட்டையும் கடுக்காயும்! அழுகிப்போகிற தோலை அழுகாமல் காத்த அதே சாறு, அரித்துப்போகிற இரும்பையும் காக்கிறது. துருவோடு சேர்ந்து அதைக் கெட்டியான கறுப்பாக மாற்றுகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அந்தக் கறுப்புத்தான் இதுவும். பொங்கலுக்கு முந்தின நாள் பல ஊர்களிலே ஆவாரம்பூ வைத்துக் காப்புக் கட்டுகிறோம். ‘காப்பு’ என்று பெயர் வைத்தவன் சும்மா வைத்தானா? (பலத்த கைதட்டல்)

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்தத் திரவம் துருவை அழிக்கவில்லை; மாற்றியது. எதிரியையே காவல்காரனாக ஆக்கிவிட்டது. பேணுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை இது. மருமகள் மேல் கோபமாக இருக்கிற மாமியாரிடம், “அத்தை, அந்த ரசம் உங்க கையாலே வெச்சா மாதிரி எனக்கு வரலை, சொல்லிக் குடுங்க” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்; காவி கறுப்பாகிவிடும்! (சிரிப்பு, கைதட்டல்) அப்புறம்தான் பிரைமர். அதற்கு மேலேதான் பெயிண்ட்.

இந்த ஊர் எனக்கு இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் என் பேச்சு நேர்மையாக இருக்காது.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க என்ன போடுகிறார்கள்? உப்பு. தோலின் எடையில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பங்கு உப்பு. இரும்பைத் தின்கிற அதே உப்பு தோலைக் காக்கிறது. ஒரே பொருள், ஓரிடத்தில் காவலன், ஓரிடத்தில் கள்வன். அந்த உப்பைத் தோல் பதனிடும்போது கழுவித்தானே ஆக வேண்டும்? கழுவின தண்ணீர் எங்கே போயிற்று? பாலாற்றுக்குப் போயிற்று. கிணற்றுக்குப் போயிற்று. குரோமியமும் கூடவே போயிற்று.

தோல் தொழிலை நான் குறை சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போடுகிற தொழில். இங்கே தைத்த செருப்பும் ஷூவும் கடல் கடந்து போய் வெள்ளைக்காரன் காலைக் காக்கிறது. தேடும் திறமைக்கு இந்தச் சீமையைவிட உதாரணம் வேண்டுமா? ஆனால் தேடிய வேகத்தில் பேணுவதை மறந்தோம். இங்குள்ள மக்கள் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ‘வேலூர் குடிமக்கள் நலப் பேரவை’ வழக்கு என்று இன்றைக்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இரண்டு கொள்கைகளை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. ஒன்று, கேடு வருமுன் காக்க வேண்டும். இன்னொன்று, கெடுத்தவனே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஏன்? ஆரம்பத்திலே ஒரு குடம் தண்ணீரிலே கழுவியிருக்க வேண்டிய துரு. எலும்பு வரைக்கும் போய்விட்டது. காரின் அடிப்பாகத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, தூக்கிப் பார்க்கலாம். ஊரின் அடிப்பாகம் நிலத்தடி நீர். அதை எந்த லிஃப்டில் ஏற்றுவது? (அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

வாணியம்பாடியிலே ஒரு தாத்தா ஆற்றுமணலிலே கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்திருப்பார். அவர் பேரன் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். தாத்தாவைவிடப் பேரன் அதிகம் சம்பாதிக்கிறான். உண்மைதான். ஆனால் தாத்தாவுக்குச் சும்மா கிடைத்ததைப் பேரன் காசு கொடுத்து வாங்குகிறானே! எதிரணி நண்பர்களே, இதைச் சேர்த்தது என்று எழுதுவீர்களா, இழந்தது என்று எழுதுவீர்களா?

இன்னும் ஒரே ஒரு செய்தி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடிப்பாகம் உண்டு. யார் அது? முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், எல்லாச் சேற்றையும் தான் வாங்கிக்கொண்டு, மேலே இருக்கிறவர்களைக் குலுங்காமல் கொண்டுபோகிற ஒரு பிறவி. சொல்ல வேண்டுமா? அம்மா! (கைதட்டல்) பிள்ளைக்குப் புதுச் சட்டை, வீட்டுக்காரருக்குப் புது வண்டி, பெண்ணுக்குப் புது நகை. அம்மாவுக்கு? மூட்டு வலி. “என்னம்மா நொண்டுறே?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லடா, லேசா வலிக்குது” என்பாள். அதுதான் மேல்துரு, ஐயா! அன்றைக்குப் பாருங்கள். அன்றைக்கு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சர்க்கரையைப் பாருங்கள், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்குகிற நாளிலே ஆஸ்பத்திரி வாசலில் நின்று, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர் என்று சொல்கிறோமே, அது தேடும் திறமை. அதற்குப் பத்து வருஷம் முன்னாலே, பக்கத்திலே உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவது பேணும் பொறுமை. எதற்கு விலை குறைவு? எதற்குப் பலன் அதிகம்?

துத்தநாகம் என்று ஓர் உலோகம். இரும்போடு சேர்த்து வைத்தால் இரும்பை அரிக்க வருகிற கேட்டைத் தான் வாங்கிக்கொண்டு, தான் கரைந்து, இரும்பைக் காக்கும். கப்பலின் அடியிலே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் கட்டி கரைந்திருக்கும். கப்பல் அப்படியே இருக்கும். 1824இலேயே ஹம்ப்ரி டேவி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கப்பலுக்கு இந்த வழியைச் சொன்னார். இதற்கு விஞ்ஞானத்திலேயே பெயர் ‘தியாக முனை’. ஆனால் ஒன்று, நடுவர் அவர்களே. கப்பல்காரன் அந்தக் கட்டி முழுக்கக் கரைகிற வரைக்கும் விடமாட்டான்; காலத்திலே பார்த்துப் புதுசு மாட்டுவான். நம்ம வீட்டுத் துத்தநாகத்தை மாற்ற முடியுமா? அம்மாவுக்கு மாற்றுக் கட்டி கடையிலே கிடைக்குமா? கிடைக்காது. அப்படியென்றால் கரையாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? (நீண்ட கைதட்டல்)

எனவே, நடுவர் அவர்களே, முடிவாகச் சொல்கிறேன். ‘துரு’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழில் ‘துருவுதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சுரண்டுவதும் துருவுதல்தான், தேங்காய் துருவுகிற தாய்மார்களுக்குத் தெரியும். ஆராய்ந்து பார்ப்பதும் துருவுதல்தான். துருவுக்கு மருந்தே துருவுவதுதான்! வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை குனிந்து அடியைத் துருவிப் பாருங்கள். வீடு வைத்திருப்பவர்கள் மனங்களைத் துருவிப் பாருங்கள். ஊர் வைத்திருக்கிற நாம் எல்லாரும் ஆற்றைத் துருவிப் பார்ப்போம். பதறவும் வேண்டாம், பார்க்காமல் விடவும் வேண்டாம்.

தேடிச் சேர்ப்பவன் வண்டி வாங்குவான். பேணிக் காப்பவன்தான் ஊர் போய்ச் சேருவான். ஆகவே, குடும்பம் நிலைத்து நிற்கப் பெரிதும் துணை செய்வது சேர்த்ததைப் பேணும் பொறுமையே, பொறுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டிக்கொண்டு, இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரிலே போட்டு, 14 வளைவையும் நிதானமாகக் கடந்து, எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)